விசா வாங்கியும் போகலையா? அடுத்த விசாவுக்கு இது பிரச்சனை ஆகுமா?



விசா கைக்கு வந்தாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. கடைசி வாரத்துல மேனேஜர் "ரிலீஸ் இருக்கு, லீவு கிடையாது"ன்னு சொல்லிட்டார். ரோம்ல இருக்க வேண்டிய சனி, ஞாயிறுல பைக் எடுத்துட்டு கல்வராயன் மலைக்குப் போய் மேகம் அருவியைப் பாத்துட்டு வந்துட்டீங்க. பாஸ்போர்ட்டுல அந்த விசா மட்டும் ஒரு முத்திரை கூட விழாம அப்படியே காலாவதி ஆகிடுச்சு.

"இனிமே உனக்கு விசாவே தர மாட்டாங்க"ன்னு ஒருத்தர் பயமுறுத்துவார். "விசா இருந்தாலே போதும், பாஸ்போர்ட் ஸ்ட்ராங் ஆகிடும்"னு ஒரு ஏஜென்ட் ஆசை காட்டுவார். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துல இருந்து வேலைக்கு வந்து, வீட்டுலயே முதல் ஆளா பாஸ்போர்ட் எடுத்தவங்களுக்கு இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்க வீட்டுல ஆள் இருக்காது. ரெண்டு பேர் சொல்றதும் தப்பு. ஏன்னு பாக்கலாம்.

முதல்ல ஒரு வித்தியாசம்

மறுக்கப்பட்ட விசா, ரத்து செய்யப்பட்ட விசா, பயன்படுத்தாத விசா. இது மூணும் வேற வேற. விண்ணப்பத்துல "விசா மறுக்கப்பட்டதா? ரத்து ஆனதா?"ன்னு கேக்குறது முதல் ரெண்டைப் பத்தி. நீங்க போகாம விட்டு, தேதி முடிஞ்ச விசா இதுல சேராது. அதனால அந்தக் கேள்விக்கு "இல்லை"ங்கிறதுதான் சரியான பதில். பயந்துபோய் "ஆமாம்"னு போட்டு இல்லாத பிரச்சனையை இழுத்துக்காதீங்க.

2020 மார்ச் மாசத்தை நினைச்சுப் பாருங்க. கொரோனா வந்ததும் இந்தியா சர்வதேச விமான சேவையை நிறுத்துச்சு. வழக்கமான சேவை திரும்ப ஆரம்பிச்சது 2022 மார்ச் 27-ல. எத்தனையோ பேரோட விசா கையிலயே காலாவதி ஆச்சு. அவங்க அப்புறம் விண்ணப்பிச்சப்ப அது குற்றமாகல. பயணம் தள்ளிப்போறது சகஜம்னு தூதரகங்களுக்குத் தெரியும்.

ஆனா நஷ்டம் எங்க வருது?

ஷெங்கன் விசாவுலதான். 2024 ஏப்ரல்ல ஐரோப்பிய யூனியன் இந்தியாவுல வசிக்கிற இந்தியர்களுக்குன்னு ஒரு சலுகை கொண்டு வந்தாங்க. முந்தைய மூணு வருஷத்துல ரெண்டு ஷெங்கன் விசா வாங்கி, அதை முறையா பயன்படுத்தியிருந்தா, அடுத்தது பொதுவா ரெண்டு வருஷ மல்டிபிள் என்ட்ரி விசா. அதுக்கப்புறம் அஞ்சு வருஷ விசா. பாஸ்போர்ட்ல அந்த அளவுக்கு காலம் பாக்கி இருக்கணும்.

இதுல "பயன்படுத்தியிருந்தா"ங்கிற வார்த்தைதான் முக்கியம். ஒரு விசாவுல போயிட்டு வந்தீங்க, இன்னொண்ணு சும்மா கிடந்துச்சுன்னா, கணக்குல ஒண்ணுதான். பயன்படுத்தாத விசா மைனஸ் மார்க் இல்ல, பிளஸ் மார்க்கும் இல்ல. ஏஜென்ட் சொல்ற "பாஸ்போர்ட் ஸ்ட்ராங்" கதை இங்கயே அடிபட்டுடுது.

அமெரிக்க பி1/பி2 விசா வேற மாதிரி. இந்தியர்களுக்கு பெரும்பாலும் 10 வருஷத்துக்குக் கொடுக்கிறாங்க. முதல் பயணம் ரத்தானாலும் விசா வீணாகாது, காலம் முடியற வரைக்கும் செல்லும். நடுவுல பாஸ்போர்ட் காலாவதி ஆனா, பழசையும் புதுசையும் சேத்து எடுத்துட்டுப் போகலாம். பழைய பாஸ்போர்ட்டைத் தொலைச்சுடாதீங்க.

உண்மையான ஆபத்து: பொய்

அமெரிக்காவுக்கான டிஎஸ்-160 படிவத்துல "இதுக்கு முன்னாடி அமெரிக்கா வந்திருக்கீங்களா?", "அமெரிக்க விசா வாங்கியிருக்கீங்களா?"ன்னு ரெண்டு தனித்தனி கேள்வி இருக்கும். போகலன்னா முதல் கேள்விக்கு "இல்லை", ரெண்டாவதுக்கு "ஆமாம்". அவ்வளவுதான்.

"போயிட்டு வந்தேன்"னு போட்டா நல்லா இருக்குமேன்னு தோணும். வேண்டவே வேண்டாம். தெரிஞ்சே பொய் சொன்னா அமெரிக்காவுல நிரந்தரத் தடை வரைக்கும் போகலாம், பிரிட்டன்ல 10 வருஷத் தடை வரலாம். ஷெங்கன் விண்ணப்பத்துல கொடுக்கிற கைரேகையை 59 மாசம் வரைக்கும் திரும்பப் பயன்படுத்துறாங்க, பழைய விசா விவரமும் அவங்க சிஸ்டத்துல இருக்கு. 2025 அக்டோபர் 12-ல இருந்து நீங்க உள்ள போறதும் வெளிய வர்றதும் படிப்படியா கம்ப்யூட்டர்ல பதிவாக ஆரம்பிச்சிருக்கு. மறைக்க வழியே இல்ல.

அடுத்த தடவை என்ன செய்யணும்?

1. கவர் லெட்டர்ல மூணு வரி போதும்: எந்த நாட்டு விசா, எந்தத் தேதி, ஏன் போகல.

2. ஆதாரம் சேருங்க. டிக்கெட் கேன்சல் ஆன மெயில், லீவு மறுத்த ஹெச்ஆர் மெயில், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, எது உண்மையோ அது. பயணம் ரத்தான அன்னிக்கே ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. ரெண்டு வருஷம் கழிச்சுத் தேடினா கிடைக்காது.

3. காரணத்தை ஜோடிக்காதீங்க. "லீவு கிடைக்கல"ங்கிறது முழுசா நியாயமான காரணம்தான்.

4. ஒரு தடவை போகாம விட்டது பரவாயில்ல. திரும்பத் திரும்ப வாங்கி விட்டா, "உண்மையான நோக்கம் என்ன?"ன்னு அதிகாரிக்கு சந்தேகம் வர வாய்ப்பு இருக்கு.

பணத்துல எது திரும்ப வரும்?

விசா கட்டணம் வராது. ஷெங்கனுக்கு 2024 ஜூன்ல இருந்து 90 யூரோ, அதாவது ஒன்பதாயிரம் ரூபாய் போல. அமெரிக்காவுக்கு 185 டாலர். விஎஃப்எஸ் சர்வீஸ் சார்ஜும், கள்ளக்குறிச்சியில இருந்து சென்னைக்கு 250 கிலோமீட்டர் போல போய் வந்த செலவும் போனது போனதுதான்.

ஆனா டிராவல் இன்சூரன்ஸை விட்டுடாதீங்க. பயணம் போகலன்னு பாஸ்போர்ட் பக்கங்களைக் காட்டினா, பல கம்பெனிகள் ஒரு சின்ன தொகையைப் பிடிச்சுக்கிட்டு மீதியைத் தருவாங்க. பாலிசி ஆரம்பிக்கிற தேதிக்கு முன்னாடியே சொல்லிட்டா இன்னும் சுலபம். டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் பிடிச்சிருந்தா, படிவம் 26ஏஎஸ்-ல இருக்கான்னு பாத்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் பண்ணும்போது கேட்டு வாங்கிக்கோங்க.

அதனால லீவு அப்ரூவல் எழுத்துல கைக்கு வந்தப்புறம் விசா கட்டணம் கட்டுங்க. ஒரு மெயில் வாங்கி வெச்சா ஒன்பதாயிரம் மிச்சம், அந்த விசாவுல போயிட்டும் வந்துடலாம். கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறும். அப்ளை பண்றதுக்கு முன்னாடி தூதரகத்தோட வலைத்தளத்துல ஒரு தடவை பாத்துக்கோங்க.