பார்க்கும் பசுமையும் பயன் தரும் பசுமையும்

விடுமுறைக்கு நுவரெலியா வருவோர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "எவ்வளவு பச்சை!" என்று வியக்கிறார்கள். அந்தப் பச்சைக்கு நடுவே பிறந்து வளர்ந்த ஒரு தோட்டத்துத் தாயைக் கேட்டால், "அது கொழுந்துதானே" என்பார். ஒருவருக்குக் கண்ணுக்கு விருந்து. மற்றவருக்கு அன்றைய கிலோக் கணக்கு.

இதில் வியப்பில்லை. இடுப்பளவில் நெருக்கமாக வெட்டி நிறுத்திய தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு முதியவர் அமர்ந்து இளைப்பாற முடியுமா? பிள்ளைகள் பந்து விளையாட முடியுமா? அது தொழிற்களம், பூங்கா அல்ல. மலை முழுதும் பசுமை; லயத்து வாசலிலோ காலாற நடக்க இடமில்லை!

நகரில் பூங்கா இல்லாமலில்லை. ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் ஏரியை அமைத்தார். விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாக 1897இல் விக்டோரியா பூங்கா உருவானது. குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவை இமயத்திலிருந்து வந்து இப்பூங்காவில் தங்குகிறது. ஆனால், உள்ளே செல்லச் சீட்டு வாங்க வேண்டும். நாட்சம்பளக் குடும்பத்துக்கு அது பெருநாளில் போகும் இடமே தவிர, அன்றாடம் போகும் இடமல்ல.

பசுமை மருந்தாகுமா?

ரொஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலி மாத்திரைகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. பசுமை செல்வந்தரின் அலங்காரம் மட்டுமல்ல என்பதற்கு இது சான்று.

கூரையில் தோட்டம்

இடமில்லாத நகரங்களில் கூரை மீதே மண் பரப்பிச் செடி வளர்க்கிறார்கள். நம் நாட்டில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கந்தளம ஹோட்டலின் கூரைகளில் செடிகள் வளர்கின்றன. கொழும்பில் இருப்பவர் இதனால் வெயில் தணியும் என்பார். குளிரூரான அட்டனுக்கு அந்தப் பயன் சிறிது. இங்கே பெரும் பயன் மழைநீரில் இருக்கிறது. கூரை மண் மழையை உறிஞ்சி மெல்ல விடும். கான்களில் வெள்ளம் ஒரேயடியாகப் பாயாது.

எனினும் எச்சரிக்கை தேவை. பத்துச் சென்டிமீட்டர் மண் நனைந்தால், சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் பாரம். லயத்துத் தகரக் கூரை அதைத் தாங்காது. உறுதியான கொங்கிரீட் தளம் உள்ள கடைகளும் பாடசாலைகளும், பொறியியலாளரைக் கேட்டபின் செய்யலாம்.

தோட்ட மக்களுக்கு வேண்டியது கூரைத் தோட்டமல்ல, சொந்தக் காணி. 2015க்குப் பின் வந்த திட்டங்களில் சில குடும்பங்கள் 7 பேர்ச் காணியும் வீடும் பெற்றன. ஏராளமானோர் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றனர். காணி பெற்றவர்கள் முழுவதையும் சீமெந்தால் மூடிவிடாமல் ஒரு மூலையில் கொய்யாவோ மரத்தக்காளியோ நடட்டும். புதிய குடியிருப்புக்குத் திட்டம் வரைவோர், சீட்டில்லாமல் நுழையக்கூடிய ஒரு சிறு மைதானத்தையும் நிழலையும் ஒதுக்கட்டும்.

நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. தன் பிள்ளை ஒரு மரத்தின் நிழலில் விளையாடக் காணும் தாய், பசுமையின் பயன் என்னவென்று யாரிடமும் கேட்கமாட்டார்.