உப்பின் கணக்கைக் கேட்கும் உரிமை

சென்னைப் பட்டணத்தின் தாகத்தில் ஒரு பங்கைச் சமுத்திரமே தீர்க்க வேண்டும் என்று தீர்மானித்து, நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் ஆலைகளை 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிலும் 2013-இல் நெம்மேலியிலும், 15 கோடி லிட்டர் தரும் இன்னோர் ஆலையையும் 2024-இல் நெம்மேலியிலேயே திறந்தாகிவிட்டது. குழாயைத் திருகும் பிரஜைக்கு வந்த ஜலம் கண்ணுக்குத் தெரிகிறது. கரையோரக் குப்பத்தில் வலை உலர்த்துகிறவருக்கோ, பிரிந்த உப்பு எங்கே போயிற்று என்பதே பிரதான விஷயம்.

ஆலைக்குள் போன பொருளின் எடை முழுவதும் ஏதேனும் ஒரு வாசல் வழியாக வெளியே வந்தே தீர வேண்டும் என்னும் இயற்கை நியதியைக்கொண்டு எஞ்சினியர்கள் போடும் ‘மாஸ் பாலன்ஸ்’ கணக்கு, பெருக்கலும் கழித்தலும் அறிந்த எவருக்கும் எட்டக்கூடியதே. நூறு பங்கு கடல்நீரில் நாற்பது பங்கைச் சவ்வின் வழியே நன்னீராக்கும் ஆலை ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 10 கோடி லிட்டர் நன்னீருக்கு அது 25 கோடி லிட்டர் கடல்நீரை இழுக்க வேண்டும்; லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், அன்றாடம் உள்ளே போவது 8,750 டன். நன்னீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் தங்கினால், அதனோடு போவது வெறும் 50 டன். எஞ்சிய 8,700 டன்னும் 15 கோடி லிட்டர் கழிவுநீரில் ஏறி, லிட்டருக்கு 58 கிராம் என்ற செறிவோடு கடலுக்கே திரும்புகிறது. சாதாரணக் கடல்நீரைவிடக் கனமான அந்த உவர்நீர், தகுந்த வேகத்தோடு சிதறவிடப்படாவிட்டால், அடிமட்டத்தில் படர்ந்து அங்கே வாழும் ஜீவராசிகளை வருத்தும்.

இதே ஆலையின் அறிக்கை, கழிவுநீரின் செறிவு 45 கிராம் என்று சொல்லுமானால், 1,950 டன் உப்பு கணக்கில் காணோம். உடனே மோசடி என்று கூச்சலிடுவது நியாயமன்று. வடகிழக்குப் பருவமழையில் சென்னைக் கரையோரக் கடலின் உவர்ப்பே குறைவதுண்டு. 28 கிராமாக இறங்கிய நாளில் கழிவுநீரும் 46 கிராமளவில்தான் நிற்கும். வெறுங்கடல்நீரைக் கலந்து நீர்க்கவிட்டாலும் செறிவு குறையும். ஆனால் உப்பின் டன்கணக்கு அப்படிக் கலப்பதனால் ஒரு மணங்குகூடக் குறையாது. ஆகவே செறிவை மாத்திரம் காட்டி அளவை மறைக்கும் அறிக்கையால் பிரயோஜனம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

உப்போடு கணக்கு முடிவதுமில்லை. பாசியை ஒடுக்கும் குளோரின், கசடைத் திரட்டும் பெரிக் குளோரைடு, சவ்வில் படிவு ஏறாமல் காக்கும் மருந்து ஆகியவையும், வடிகட்டிகளைக் கழுவிய சேற்றுநீரும் ஏதோ ஒரு வாசலால் வெளியேறத்தான் வேண்டும். குடிப்பவர் கவனிக்க வேண்டியது போரான்; உப்பைத் தடுக்கும் அளவுக்குச் சவ்வு அதைத் தடுப்பதில்லை.

கேட்கும் அதிகாரம் நமக்குச் சட்டப்படியே இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, கழிவுநீர் வெளியேற்றத்துக்கு விதித்த நிபந்தனைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதிவைத்து, அந்த வெளியேற்றத்தால் பாதிக்கப்படுகிறவர் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமோ ஆவணத்தின் நகலை மட்டுமன்றி, பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறும் உரிமையையும் தருகிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மனுவில் ‘ஆலை விவரம் தருக’ என்று பொதுப்பட எழுதினால் பொதுப்படத்தான் பதில் வரும். உள்ளிழுத்த கடல்நீர், நன்னீர், கழிவுநீர், அதை நீர்க்கவிடக் கலந்த கடல்நீர் ஆகியவற்றின் அளவையும் உவர்ப்பையும், செலவான இரசாயனங்களின் எடையையும், ஒரே தேதிகளுக்கு நாள்வாரியாகக் கேட்க வேண்டும். மார்ச் மாதத்துக் கடல்நீரை நவம்பர் மாதத்துக் கழிவுநீரோடு வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது.

பதில் வராவிடினும், வந்தது திருப்தியளிக்காவிடினும், 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். கணக்கு உதைக்கிறதென்று கண்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்வதே முதற்படி. அதற்கும் அசையாவிட்டால், சென்னையிலேயே அமர்வு உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். வழக்குக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதமும், நஷ்டஈடு கோருவதாயின் 5 ஆண்டும் கெடு.