வீசு மச்சி... கூடையில விழட்டும்!

சாயந்திரம் அஞ்சு மணிக்கு உங்க ஊர் கிரவுண்டை ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாருங்க. ஒரே நேரத்துல நாலு கிரிக்கெட் மேட்ச் நடக்கும். இந்த டீமுக்கு லாங் ஆன்ல நிக்கிறவர், அந்த டீமுக்கு ஸ்லிப்! நல்லா ஆடத் தெரிஞ்சவங்க நடுவுல. சுமாரா ஆடறவங்க எல்லைக்கோட்டுல. ஆடவே தெரியாதவங்களும் பொண்ணுங்களும்? கோட்டுக்கு அந்தப் பக்கம், நிறுத்தி வெச்ச பைக் மேல உட்கார்ந்து வேடிக்கை.

'நமக்கெல்லாம் கேம்ஸ் செட் ஆகாதுப்பா' என்று ஒதுங்கி உட்காரும் அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருத்தரா? அப்படின்னா இந்த மேட்டர் உங்களுக்குத்தான். பேரு... டிஸ்க் கோல்ஃப்!

'கோல்ஃபா? அது பணக்கார அங்கிள்கள் ஆட்டமாச்சே' என்று பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இதுல குச்சி கிடையாது, குழி கிடையாது, புல்வெளி கிளப் மெம்பர்ஷிப் கிடையாது. பீச்சுல வீசி விளையாடற ஃப்ரிஸ்பி இருக்கே... அதோட தம்பி மாதிரி ஒரு தட்டு. அதை வீசணும், நடக்கணும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசணும். கடைசியில ஒரு கம்பத்துல சங்கிலி தொங்குற இரும்புக் கூடைக்குள்ள தட்டைப் போடணும். யார் குறைஞ்ச வீச்சுல முடிக்கிறாங்களோ அவங்கதான் கிங். ராணியாவும் இருக்கலாம்!

ஒரு கோர்ஸ்ல பொதுவா 9 அல்லது 18 கூடைகள். பெரும்பாலான கூடைகளுக்கு 'பார்' 3. அதாவது மூணு வீச்சுல முடிச்சா பாஸ் மார்க். ரெண்டுல முடிச்சா 'பேர்டி'. நாலு ஆச்சுன்னா 'போகி'. பழசைக் கொளுத்துற போகி இல்லீங்க, கோல்ஃப் போகி! புதுசா வர்றவங்களுக்காக அமைக்கிற கோர்ஸ்ல ஒவ்வொரு கூடையும் சுமார் 50 முதல் 70 மீட்டர் தூரத்துலதான் இருக்கும். வழியில மரம் அதிகம் இருக்காது, தண்ணி இருக்காது. முதல் நாளே ஆடி முடிச்சிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மரம்தான் முதல் கூடை!

'எங்க ஊர்ல கூடை ஏது?' என்று நீங்க கேட்கிறது காதுல விழுது. ஜோலார்பேட்டையிலும் கிடையாது. ஆனா, இந்த ஆட்டத்தோட ஃப்ளாஷ்பேக்கைக் கேட்டா அது ஒரு குறையாவே தெரியாது.

1938-ல் அமெரிக்காவின் சான்டா மோனிகா கடற்கரையில் ஃப்ரெட் மாரிசன் என்ற இளைஞர் காதலியோடு ஒரு கேக் தட்டை வீசி விளையாடிக்கொண்டிருந்தார். பார்த்த ஒருத்தர் '25 சென்ட் தர்றேன், அதைக் கொடுத்துடு' என்றாராம். கடையில அதோட விலை 5 சென்ட்! அங்கேயே மாரிசனுக்கு பிசினஸ் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சது. பிற்பாடு பிளாஸ்டிக்கில் தட்டு செய்தார். 1957-ல் 'வாம்-ஓ' கம்பெனி அதை வாங்கி 'ஃப்ரிஸ்பி' என்று பெயர் வைத்தது.

அதே கம்பெனியில் வேலை பார்த்தவர் எட் ஹெட்ரிக். 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் கோர்ஸை அமைத்தவர் இவர்தான். அங்கேயும் ஆரம்பத்தில் கூடை இல்லை, வெறும் கம்பம்தான்! அதுக்கு முன்னால ஆடினவங்களுக்கு மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி... எது கிடைச்சதோ அதுதான் இலக்கு. 'பட்டுச்சு', 'படலை' என்று சண்டை வந்துக்கிட்டே இருந்ததால்தான் சங்கிலி தொங்கும் கூடையைக் கண்டுபிடித்தார் ஹெட்ரிக். 1976-ல் இந்த ஆட்டத்துக்கென சங்கமும் ஆரம்பித்தார். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் ஆசைப்படியே அஸ்தியைக் கலந்து டிஸ்க்குகள் செய்தார்கள். செத்தும் பறந்த மனுஷன்!

இன்னிக்கு உலகம் முழுக்க 10,000-க்கும் அதிகமான கோர்ஸ்கள். அதுல பெரும்பாலானவை பொதுப் பூங்காக்கள்ல, காசு வாங்காம ஆட விடறவை. ஃபின்லாந்து மாதிரி குட்டி நாட்டிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2021-ல் பால் மெக்பெத் என்ற வீரருடன் ஒரு டிஸ்க் கம்பெனி போட்ட ஒப்பந்தம் எவ்வளவு தெரியுமா? 10 வருஷத்துக்கு ஒரு கோடி டாலர்! தட்டு வீசுறதுக்கு!

ஏலகிரிக் காத்துல ஒரு ரவுண்டு

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மரம் போதும்னா நம்மகிட்ட இல்லாத மரமா? ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆறு பேர் கிளம்பினோம். கையில ஒரு சாதாரண ஃப்ரிஸ்பி, கடன் வாங்கின ரெண்டு டிஸ்க். முதல் இலக்கு வேப்பமரம். ரெண்டாவது, ஃபுட்பால் கோல் போஸ்ட்டோட இடது கம்பம். மூணாவது, உடைஞ்ச சிமென்ட் பெஞ்ச். இப்படியே ஒன்பது!

நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு தாத்தா நின்னு பார்த்தார். "இன்னாபா இது, தட்டை வீசுறீங்க, நீங்களே போய் எடுத்துக்குறீங்க? புடிக்கிறதுக்கு ஆள் இல்லியா?" என்றார். விளக்கினதும், "குடு பாக்கலாம்" என்று வாங்கி ஒரு வீசு வீசினார். மூணாவது வீச்சில் வேப்பமரத்தைத் தொட்டுட்டார். பார்!

அன்னிக்கு ஜெயிச்சது யார் தெரியுமா? எங்க செட்டுல இதுவரை எந்த விளையாட்டுலயும் சேராத ஒரு தோழி. "கிரிக்கெட்ல வெளியே வர்ற பந்தைப் பொறுக்கிப் போடறதுதான் எனக்குக் கொடுத்த ஒரே வேலை. இங்க என் டர்ன் வந்தா எல்லாரும் வெயிட் பண்றாங்க" என்றாள். டிஸ்க் கோல்ஃப்ல விஷயமே இதுதாங்க. இங்கே டீம் செலக்‌ஷன் கிடையாது. முதல் பந்துல அவுட்டாகி ஓரமா உட்கார வேண்டியது இல்லை. நல்லா வீசறவங்க ரெண்டு வீச்சு, நீங்க அஞ்சு வீச்சு... ஆனா ரெண்டு பேரும் ஒண்ணாவே நடந்து ஒண்ணாவே முடிப்பீங்க. நாலு பேர் ஒன்பது இலக்கை முடிக்க ஒரு மணி நேரம் போதும். ரயில்ல காலேஜ் போய்த் திரும்பற கூட்டத்துக்கு, இருட்டறதுக்குள்ள ஒரு முழு ஆட்டம் கேரன்ட்டி!

எப்படி வீசணும்?

டிஸ்க்குல மூணு வகை. தூரமா போக 'டிரைவர்', நடுத்தர தூரத்துக்கு 'மிட்ரேஞ்ச்', கூடைக்குப் பக்கத்துல 'பட்டர்' (பிரெட்டுக்குத் தடவறது இல்லை!). டிரைவரோட விளிம்பு மெல்லிசா இருக்கும், பார்க்கவே கெத்தா இருக்கும். அதுக்கு மயங்காதீங்க. வேகமா வீசத் தெரிஞ்சவங்க கையில்தான் அது ஒழுங்கா பறக்கும். நம்ம கையில சர்ருன்னு ஒரு பக்கமா திரும்பி விழுந்துடும். முதல்ல ஒரு பட்டர் அல்லது மிட்ரேஞ்ச் இருந்தா மொத்த கோர்ஸையும் ஆடிடலாம்.

தட்டு பறக்கறதுக்குக் காரணம் உங்க புஜ பலம் இல்லை, சுழற்சி. பம்பரம் சுத்துற வரைக்கும் விழாம நிக்குதே, அதே கதைதான். சுழற்சி குறைவா இருந்தா தட்டு தள்ளாடும். அதனால தோளைப் போட்டு முறுக்காம, தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே நேர்கோட்டில் இழுத்து, கடைசியில மணிக்கட்டைச் சுண்டி விடுங்க. முன்விளிம்பு மேல தூக்கி இருந்தா தட்டு வானத்தைப் பார்த்து எழும்பி அப்படியே நின்னு விழும். மட்டமா விடணும்.

வலது கைக்காரங்க இப்படி வீசினா தட்டு கடிகார முள் திசையில சுத்தும். வேகம் குறையும்போது கடைசியில இடது பக்கம் சாயும். இது உங்க தப்பு இல்லை, பௌதிகம்! இலக்குக்குக் கொஞ்சம் வலது பக்கம் குறிவெச்சா சரியாகிடும். இடது கைக்காரங்க எல்லாத்தையும் திருப்பிப் போட்டுக்கோங்க.

கூடை ரெடி!

மரம் போரடிச்சா கூடை செய்யலாம். ஒரு இரும்புக் கம்பம், மேல பழைய சைக்கிள் ரிம், அதிலிருந்து சுத்திலும் தொங்கற சங்கிலிகள், கீழே இடுப்பளவு உயரத்துல ஒரு கூடை. வெல்டிங் பட்டறை அண்ணன் ஒருத்தர் ஃப்ரெண்டா இருந்தா வேலை முடிஞ்சுது.

'இது தோல் ஏரியாவாச்சே, சங்கிலிக்குப் பதிலா தோல் வார் கட்டினா?' என்று எங்க செட்டுல ஒரு ஐடியா வந்தது. ஆம்பூரிலிருந்து துண்டுத் தோல் வாங்கி வந்து கட்டிப் பார்த்தோம். தட்டு வாரை விலக்கிட்டு ஜாலியா அந்தப் பக்கம் போயிடுச்சு! சங்கிலிக்கு எடை இருக்கு. வர்ற தட்டோட வேகத்தை அது வாங்கிக்கும், தட்டு கீழே கூடைக்குள்ள விழும். போதாக்குறைக்கு அந்த 'ஜல்' சத்தம் இருக்கே... அதுக்காகவே இன்னொரு ரவுண்டு ஆடலாம்!

இதெல்லாம் மஸ்ட்!

* டிஸ்க் கோல்ஃப் தட்டு ஃப்ரிஸ்பியை விடச் சின்னது, கெட்டியானது. மண்டையில பட்டா வலி நிஜம். யாராவது குறுக்கே நடந்தா வீசவே கூடாது. பூங்கா முதல்ல நடக்கிறவங்களுக்கு, குழந்தைகளுக்கு. அப்புறம்தான் நமக்கு.

* பூங்காவோ, காலேஜ் கிரவுண்டோ... பொறுப்பில் இருப்பவர்களிடம் அனுமதி கேட்டுட்டு ஆரம்பிங்க. கூட்டம் இல்லாத அதிகாலை பெஸ்ட்.

* ஜோலார்பேட்டை மாதிரி ஜங்ஷன் ஊர்க்காரங்களுக்கு ஸ்பெஷல் ரூல்: தண்டவாளத்துக்குப் பக்கத்து இடமே வேண்டாம். தட்டு போனா எடுக்கத் தோணும். எந்தத் தட்டும் உயிரை விடப் பெருசில்லை.

* மரத்துல ஆணி அடிக்காதீங்க. இலக்கைக் காட்ட ஒரு கலர் துணி கட்டினா போதும். ஆட்டம் முடிஞ்சதும் அவிழ்த்துடுங்க.

* இலக்கிலிருந்து யார் தூரமா இருக்காங்களோ, அவங்க முதல்ல வீசணும். மத்தவங்க முன்னாடி போகாம பின்னாடியே நிக்கணும்.

* எல்லையைத் தாண்டிப் போனா ஒரு வீச்சு அபராதம். தொலைஞ்ச தட்டைத் தேட மூணு நிமிஷம். கிடைக்கலைன்னா அதுக்கும் ஒண்ணு!

அம்பயரே இல்லை!

இந்த ஆட்டத்துல எல்.பி.டபிள்யூ. சண்டை கிடையாது. சாதாரண ஆட்டத்துல அம்பயரே இல்லையே! உங்க ஸ்கோரை நீங்கதான் சொல்லணும். புதருக்குப் பின்னால நீங்க மூணு தடவை வீசினதை யாரும் பார்க்கலைன்னாலும் மூணுன்னுதான் சொல்லணும்.

'இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமா?' என்று சந்தேகமா? டிஸ்க் கோல்ஃபோட அக்கா மாதிரி ஒரு ஆட்டம் 'அல்டிமேட்'. டீமா ஆடற ஃப்ரிஸ்பி. அதுலயும் நடுவர் கிடையாது. சென்னை கடற்கரையில் ஆண்களும் பெண்களும் ஒரே டீமில் சேர்ந்து அதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். குப்பத்துப் பசங்களும் ஐ.டி. கம்பெனி ஆட்களும் ஒண்ணா ஆடற 'ஃப்ளை வைல்ட்' என்ற சென்னை அணியைப் பற்றிய '175 கிராம்ஸ்' என்ற குறும்படம், 2015-ல் சன்டான்ஸ் திரைப்பட விழா வரைக்கும் போனது. அந்த 175 கிராம், அல்டிமேட் டிஸ்க்கோட எடை! அதே 2015-ல் பறக்கும் தட்டு விளையாட்டுகளின் உலகக் கூட்டமைப்புக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரமும் கிடைத்தது.

சென்னைக்குக் கடற்கரைன்னா, நமக்கு வேப்பமரம். நாலு பேர் பங்கு போட்டு ஒரு தட்டு வாங்குங்க. ஒன்பது இலக்கை ஒரு பேப்பர்ல வரைஞ்சு, காலேஜ் பி.டி. சார்கிட்ட கொண்டு போய்க் காட்டுங்க. ஆடப் போகும்போது, பைக் மேல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற அந்த ஃப்ரெண்டை மறக்காம கூப்பிடுங்க. முதல் வீச்சு அவங்களோடதா இருக்கட்டும்!