ஒல்லியானவர்களின் கொழுப்பு

2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின், மற்றவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக். உயரத்துக்கு எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றேதான்: 22.3. ஆனால் உடலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கண்ணாடிக்கும் தெரியாது.

இருபதுகளில் இருக்கும் நம் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருப்பது இந்த இரண்டையும்தான். “எனக்கென்ன, எதைச் சாப்பிட்டாலும் உடம்பு ஏறுவதில்லை” என்பார்கள். ஏறுகிறது, உள்ளே.

சோழிங்கநல்லூர், பெருங்குடிப் பக்கம் பி.ஜி.யில் தங்கி வேலைக்குப் போகும் 26 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். காலையில் சாப்பாடு கிடையாது. கம்பெனி பஸ் வருவதற்குள் டீக்கடையில் நின்றபடியே ஒரு டீ. பதினொரு மணிக்கு இன்னொரு டீ, முட்டை பப்ஸ். மதியம் மெஸ்ஸில் லெமன் ரைஸ், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பொரியல். நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும். ஏழு மணிக்கு மறுபடி டீ. இரவு பதினொன்றரைக்கு ஆப்பில் வரவழைத்த ஃப்ரைடு ரைஸ், ஆஃபரில் சேர்ந்து வந்த 300 மில்லி கோலா. கை கழுவிய ஈரம் காய்வதற்குள் படுக்கை.

சர்க்கரையை மட்டும் கூட்டிப் பார்க்கலாம். டீக்கு 8 கிராம் என்று தாராள மனதோடு குறைத்தே வைத்தாலும் நான்கு டீக்கு 32. கோலாவில் 100 மில்லிக்குப் பத்தரை கிராம் அளவில் இருக்கும். அது இன்னொரு 32. ஆக 64 கிராம். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 50 கிராம். 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. இத்தனைக்கும் இவர் ஸ்வீட் பக்கமே போவதில்லை என்று சொல்லுவார். உண்மைதான், போவதில்லை.

மீதித் தட்டில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் எல்லாம் பேருக்குத்தான். சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் குளுக்கோஸில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள வேண்டியது தசை. புரதமும் போதாமல், பத்து மணி நேரம் நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பவருக்குத் தசை குறைவு. எடுத்துக்கொள்ள ஆளில்லாத குளுக்கோஸ் கொழுப்பாக மாறுகிறது. அதைத் தோலுக்கு அடியில் சேர்த்துவைக்கும் இடமோ தெற்காசிய உடலில் சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. அதன்பின் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசை இழைகளுக்கு உள்ளேயும் போய்ப் படிகிறது. இதற்கு நம் பிறப்பும் ஒரு காரணம்: யாக்னிக்கின் ஆய்வில் புனேக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எடை அவ்வளவு குறைந்தும் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

கொழுப்பு ஏறிய கல்லீரல் வலிக்காது. இன்சுலின் சொல்வதை மட்டும் கேட்காது. தேவையில்லாத நேரத்திலும் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விடும். அதை அடக்கக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். இப்படிப் பல ஆண்டுகள் ஓடும். அந்த ஆண்டுகளில் எடுக்கிற வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையில் ‘நார்மல்’ என்றுதான் வரும். கணையம் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். நள்ளிரவுச் சாப்பாடு இதில் தனிக் கேடு. தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கும் நேரத்தில் இன்சுலின் சுரப்பு மட்டுப்படுகிறது. மதியம் சாப்பிட்டால் ஏறுவதைவிட அதே சோற்றுக்கு அப்போது சர்க்கரை கூடுதலாக ஏறும்.

ரத்தக்குழாயின் கதை இதைவிடப் பழையது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். வீரர்களின் சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதம் பேருக்கு இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தது. சிறு தடிப்பையும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. வியட்நாம் போரில் இறந்தவர்களை வைத்து 1971-இல் வந்த ஆய்வில் அது 45 சதவீதம். குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும், ராணுவம் உடல்தகுதி பார்த்துச் சேர்த்துக்கொண்ட பையன்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அவர்கள்.

எலும்பு, ரத்தம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலும்பின் அடர்த்தி சுமார் 30 வயதுவரைதான் கூடும், பிறகு இருப்பைக் காப்பாற்றுவதுதான் வேலை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், செலவே இல்லாத வைத்தியம்.

2023-இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வின்படி நாட்டில் நீரிழிவுக்காரர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. அறுபதில் வரும் சர்க்கரையும் இருபத்தெட்டில் வரும் சர்க்கரையும் ஒன்றல்ல. இளம் வயதில் வருவது வேகமாக முற்றுகிறது. கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்க அதற்கு நாற்பது ஆண்டு அவகாசமும் கிடைக்கிறது.

கல்லீரல் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே அங்கிருக்கும் கொழுப்பு இறங்கத் தொடங்குகிறது. முதலில் டேப் எடுத்து இடுப்பை அளக்க வேண்டும். பேண்ட் சைஸை நம்பக் கூடாது. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவருக்குப் பத்து வருடமானாலும் அதே 32-தான். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதுதான் எல்லை.

அளந்தபின், சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் 2005-இல் வகுத்த மதிப்பெண் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் என்று நான்கே கேள்விகள். 60-ஐத் தொட்டால் அதிக ஆபத்து. நம் 26 வயதுக்காரருக்கு இடுப்பு 92, உடற்பயிற்சியும் உழைப்பும் இல்லை, அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். 35-க்குக் கீழ் என்பதால் வயதுக்குப் பூஜ்யம். இடுப்புக்கு 10, உழைப்பில்லாததற்கு 30, பெற்றோருக்கு 20. கூட்டினால் 60. இத்தனைக்கும் என்ன சாப்பிடுகிறார் என்று அந்தக் கணக்கு இன்னும் கேட்கவே இல்லை.