தேடினால் கிடைக்கும் எழுத்து: இணையத்தில் எழுதுவோர் கவனத்திற்கு

எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளுக்குச் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை கிடைக்குமா என்று ஒரு தாய் தன் கைப்பேசியில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணில் படும் ஒரு பக்கம், "1ஆம் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரை விண்ணப்பிக்கலாம்" என்கிறது. அதை நம்பி வருமானச் சான்றிதழுக்காக அலைகிறார், ஒரு நாள் கூலியை இழக்கிறார். கடைசியில்தான் விஷயம் தெரிகிறது. மத்திய அரசின் ப்ரீ மெட்ரிக் உதவித்தொகை 2022-23 கல்வியாண்டு முதல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்று மாற்றப்பட்டுவிட்டது.

அந்தப் பக்கத்தை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதிய நாளில் அது சரியான தகவல்தான். ஆனால் எழுதி முடித்த பிறகு அவர் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இன்று நம் ஊர்களில் பள்ளிக்கூடம், அறக்கட்டளை, ஜவுளிக்கடை, டிராவல்ஸ் என்று பலரும் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார்கள். இணையத்துக்கு எழுதிக் கொடுப்பதையே வேலையாகக் கொண்ட இளைஞர்களும் பெண்களும் பெருகி வருகிறார்கள். இவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கூகுளில் முதலில் வருவது எப்படி?" அதற்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவோரும் இருக்கிறார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன?

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது?

தேடுபொறியின் வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் அதன் மென்பொருள், ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகள் வழியாக அடுத்தடுத்த பக்கங்களுக்குச் சென்று படிக்கிறது. அடுத்து, படித்ததை ஒரு பெரிய அட்டவணையில் பதிந்து வைக்கிறது. ஒருவர் தேடும்போது, அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமான பக்கங்களை எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்தை மற்ற நல்ல தளங்கள் எத்தனை சுட்டிக்காட்டுகின்றன என்று பார்ப்பதுதான் அவர்களின் அடிப்படை யோசனை. ஊரில் நல்ல மருத்துவர் யார் என்று நாலு பேரிடம் விசாரிப்பது போன்றது இது. இன்று இந்த இணைப்புகளோடு இன்னும் பல அம்சங்களும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

குறுக்கு வழிகள் என்ன ஆயின?

இந்த முறை தெரிந்தவுடன் அதை ஏமாற்றும் வழிகளும் வந்தன. "குறைந்த விலை புடவை" என்ற சொல்லை ஒரே பக்கத்தில் ஐம்பது முறை எழுதினார்கள். பின்னணி நிறத்திலேயே எழுத்துகளை ஒளித்து வைத்தார்கள். காசு கொடுத்து இணைப்புகள் வாங்கினார்கள். சில காலம் இவை பலன் தரவும் செய்தன.

பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதப்படும் குறிச்சொல் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009இல் கூகுள் அறிவித்தது. 2011 பிப்ரவரியில் 'பாண்டா' என்ற மாற்றம் வந்தபோது, சாரமில்லாத கட்டுரைகளைக் குவித்து வைத்திருந்த தளங்கள் சரிந்தன. 2012 ஏப்ரலில் வந்த 'பெங்குயின்', போலி இணைப்புகளை நம்பியிருந்த தளங்களைக் கீழே தள்ளியது. தேடுபொறிக்காக அல்லாமல் மனிதர்களுக்காக எழுதப்பட்ட பக்கங்களை முன்னிறுத்தும் மாற்றம் 2022 ஆகஸ்டில் வந்தது. ஒவ்வொரு முறையும் பலமான அடி வாங்கியவர்கள் குறுக்கு வழியில் மேலே போனவர்கள்தான்.

கூகுள் எதைத் தரம் என்கிறது?

தேடல் முடிவுகளை மதிப்பிடுவோருக்குக் கூகுள் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அவர்கள் தரும் மதிப்பெண் எந்தப் பக்கத்தையும் நேரடியாக ஏற்றவோ இறக்கவோ செய்யாது. ஆனால் எது தரம் என்று கூகுள் கருதுகிறது என்பதை அதிலிருந்து புரிந்துகொள்ளலாம். எழுதியவரின் நேரடி அனுபவம், துறை அறிவு, அத்துறையில் அவருக்குள்ள மதிப்பு, நம்பகத்தன்மை ஆகிய நான்கும் அதில் பேசப்படுகின்றன. இவற்றில் அனுபவம் என்பது 2022 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. நான்கிலும் முக்கியமானது நம்பகத்தன்மை என்றும் அந்த வழிகாட்டி சொல்கிறது.

உடல்நலம், பணம், பாதுகாப்பு போன்ற விஷயங்களுக்கு அளவுகோல் இன்னும் கடுமையானது. பிரியாணி செய்முறையில் தவறு இருந்தால் ஒரு வேளை சாப்பாடு கெடும். சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஒருவர் எழுதினால் உயிரே போகலாம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஒரு பக்கம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். எழுதத் தொடங்கும் முன், இதைத் தேடி வருபவர் யார், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உதவித்தொகை பற்றி எழுதினால் யாருக்குக் கிடைக்கும், எந்தச் சான்றிதழ்கள் வேண்டும், எங்கே விண்ணப்பிப்பது, கடைசி நாள் எது என்பவை வேண்டும். கல்வியின் சிறப்பைப் பற்றி மூன்று பத்தி முன்னுரை வேண்டாம்.

இரண்டாவது, தலைப்பு உள்ளே இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். "அதிர்ச்சித் தகவல்!" என்று எழுதினால் ஒருமுறை வருவார்கள், மறுமுறை வர மாட்டார்கள். மக்கள் பேசும் சொல்லையே தலைப்பிலும் உபதலைப்புகளிலும் பயன்படுத்துங்கள். 'கடவுச்சீட்டு' என்று எழுதினாலும், 'பாஸ்போர்ட்' என்பதையும் இயல்பாக ஓரிடத்தில் சேருங்கள். தேடுபவர் பெரும்பாலும் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார்.

மூன்றாவது, உங்களுக்கு மட்டுமே தெரிந்ததைச் சேருங்கள். பத்துத் தளங்களில் இருப்பதைப் பதினொன்றாவதாக எழுதுவதில் பயனில்லை. நீங்களே விண்ணப்பித்தபோது எந்த இடத்தில் சிக்கல் வந்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பது வேறு எங்கும் கிடைக்காத தகவல்.

நான்காவது, நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இத்தனை சொற்கள் இருக்க வேண்டும் என்று கூகுள் எந்தக் கணக்கும் வைத்திருக்கவில்லை. முந்நூறு சொற்களில் பதில் முடிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

தமிழில் எழுதுவோருக்குச் சில வார்த்தைகள்

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. முக்கிய அறிவிப்பை அழகான போஸ்டராகச் செய்து, அந்தப் படத்தை மட்டும் தளத்தில் போட்டுவிடுவோம். வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. கண் பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளும் அதில் திணறும். போஸ்டரோடு அதே செய்தியை எழுத்தாகவும் கீழே கொடுங்கள்.

இன்னொன்று எழுத்துரு. அச்சகங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை அப்படியே ஏற்றினால், நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகத்தான் இருக்கும். தமிழில் தேடுபவருக்கு அது அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. பழைய கட்டுரைகளையும் மாற்றிவிடுவது நல்லது.

கூகுள் ஒரு தளத்தின் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் பக்கத்தைச் சாதாரண விலைக் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். விளம்பரங்கள் எழுத்தை மறைத்தால் வாசகர் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்தால்?

எந்தக் கருவியில் எழுதினீர்கள் என்பதைவிடத் தரம் எப்படி என்பதே முக்கியம் என்று 2023இல் கூகுள் விளக்கியது. அதே நேரம், தரவரிசையை மட்டும் குறிவைத்துப் பயனற்ற பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் விதிமீறலாக அறிவித்தது. கருவி எழுதித் தரும் தேதியும் தொகையும் தவறாக இருக்கலாம். அரசுத் தளத்தில் சரிபார்க்காமல் எதையும் வெளியிடாதீர்கள். வாசகர் ஏமாந்தால் அதற்குப் பொறுப்பு உங்களுடையது.

எழுதிய பிறகு

தேதியை மட்டும் மாற்றிப் புதியது போலக் காட்டுவதால் பயனில்லை. உள்ளே இருக்கும் தகவல் மாற வேண்டும். கூகுள் இலவசமாகத் தரும் 'சர்ச் கன்சோல்' வசதியில், எந்தச் சொல்லைத் தேடி உங்கள் தளத்துக்கு வருகிறார்கள் என்பது தெரியும். அதிகம் பேர் வரும் பத்துப் பக்கங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை படித்துத் திருத்துங்கள். திட்டம் முடிந்துவிட்டிருந்தால் "இது இப்போது நடைமுறையில் இல்லை" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இந்தத் திருத்தத்துக்கு ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகலாம். அது அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும். அடுத்த முறை ஏதாவது தெரிய வேண்டுமென்றால் அவர் உங்கள் தளத்தையே தேடி வருவார்.