உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடித் தொட்டிக்குள் அடிதடி

◆ சமயபுரத்தின் பழைய பெயர் கண்ணனூர். தமிழகத்தில் போசளர்கள் தலைநகராக வைத்திருந்த ஊர். இங்குள்ள போஜீசுவரர் கோயில் அவர்கள் கட்டியதுதான். 13-ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் படையோடு வந்து ஊரைப் பிடித்தான். அவன் கொடியில் இரண்டு கயல்கள், பக்கத்தில் பக்கத்தில், சண்டை சச்சரவு இல்லாமல். அதே ஊரில் இன்று வரவேற்பறையில் இரண்டடி மீன்தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஒற்றுமை துணியில் வரைந்தால்தான் வரும் என்பார்கள்.

◆ ஃபைட்டர் மீன் முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினால் செவுள்மூடியை விரித்துக்கொண்டு பாயும். எதிரில் இருப்பது தானேதான் என்று அதற்குத் தெரியாது. இந்தச் சண்டைக்காரனைத் தாய்லாந்து 2019-இல் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. ஒரு தொட்டிக்கு ஓர் ஆண், அவ்வளவுதான்.

◆ அந்த ஃபைட்டருக்கு நம்மூரில் ஒரு சொந்தம் உண்டு: பனையேறிக்கெண்டை. இரண்டுக்கும் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனியர்களிடம் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப், 1791-இல் குளத்தோரப் பனைமரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். 1797-இல் அது அச்சேறியது. மரமேறும் கதையை நம்புவது உங்கள் இஷ்டம். காற்றைச் சுவாசிப்பது மட்டும் உண்மை. அதனால்தான் ஃபைட்டர் ஊறுகாய் பாட்டிலில்கூடச் சாகாமல் கிடக்கிறது. சாகாமல் கிடப்பதை வாழ்வது என்று நினைத்துக்கொள்கிறோம்.

◆ டைகர் பார்ப் இரண்டு வாங்கினால் ஏஞ்சல் மீனின் துடுப்பு கந்தலாகும். பத்து வாங்கினால் தங்களுக்குள் துரத்தி விளையாடிக்கொண்டு அடுத்தவனைப் பெரும்பாலும் விட்டுவிடும். கூட்டமாக வாழும் மீன் அது, ஆள் குறைந்தால்தான் வம்பு. இருந்தாலும் நீளத் துடுப்புக்காரர்களை, அதாவது கப்பி, ஏஞ்சல், ஃபைட்டரை, இதோடு சேர்க்காமலிருப்பதே நல்லது. "எல்லாம் ஒண்ணா இருக்கும் சார்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி நானும் சேர்த்தேன். மூன்றாம் நாள் காலை என் ஏஞ்சலுக்கு வால் இல்லை.

◆ ஏஞ்சலும் லேசுப்பட்டதல்ல. நியான் டெட்ராவும் அதுவும் அமேசான் நாட்டுக்காரர்கள்தான். அங்கே சின்ன டெட்ராக்கள் ஏஞ்சலுக்கு இரை!

◆ நிக்கோ டின்பெர்கன் என்ற டச்சு விஞ்ஞானி ஸ்டிக்கில்பேக் என்ற சிறு மீனை ஜன்னலோரத் தொட்டிகளில் வளர்த்தார். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் வயிறு சிவக்கும். சிவப்பைக் கண்டால் இன்னொரு ஆண் பாயும். தெருவில் சிவப்பு நிறத் தபால் வண்டி போனபோதும் தொட்டியிலிருந்த ஆண்கள் அந்தப் பக்கம் முட்டி மோதினவாம். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். சமயபுரம் தேரன்று மஞ்சளும் சிவப்புமாய் நடந்துபோகும் கூட்டத்தை அந்த மீன் பார்த்திருந்தால் என்ன பாடுபட்டிருக்கும்!

◆ அடி வாங்குகிற மீனைத்தான் பலரும் பாவம் பார்த்து வெளியே எடுப்பார்கள். எடுக்க வேண்டியது அடிக்கிறவனை. சில நாள் வேறு தொட்டியில் வைத்துவிட்டு, கல், செடி, கட்டைகளை இடம் மாற்றுங்கள். மீனுக்கு எல்லை என்பது அந்தக் கல்லும் கட்டையும்தான். அடையாளம் மாறினால் பட்டா ரத்து. திரும்பி வரும்போது அவன்தான் புது ஆள். விளக்கை அணைத்த பிறகு விட்டால் இன்னும் உத்தமம்.

◆ மலாவி ஏரி சிக்லிட் வளர்ப்பவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள். வேண்டுமென்றே நெருக்கமாக விடுவார்கள். யாரும் எல்லை பிடிக்க முடியாது, ஒருவனையே குறிவைத்து அடிக்கவும் முடியாது. நம் டவுன்பஸ் கணக்குதான். ஆனால் ஃபில்டர் பலமாக இருக்க வேண்டும், தண்ணீரும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

◆ கேரளத்தில் பொரித்துச் சாப்பிடும் கரிமீனும், அலங்கார மீனாக வளர்க்கும் ஆரஞ்சு குரோமைடும் பங்காளிகள். பங்காளிச் சண்டையும் உண்டு. குரோமைடு, கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். அதே குரோமைடு கரிமீனின் மேலிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தமும் செய்யும். வார்டு, வைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-களில் இதை எழுதினார்கள். இந்த மீன்களை இலங்கையின் நீர்நிலைகளிலும் போய்ப் பார்த்தவர்கள் அவர்கள்.

◆ திருச்சி வெயிலுக்கும் இந்தத் தொட்டிச் சண்டையில் பங்குண்டு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 தான். சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடும், பசியும் கூடும். சித்திரை மாதத்தில் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

◆ அதிர்ஷ்டம் வரும் என்று வாங்கும் ஃபிளவர்ஹார்ன், 1990-களில் மலேசியாவில் உருவாக்கிய கலப்பினம். தனியாக வைத்தால்தான் கூட இருக்கும் மீனுக்கு அதிர்ஷ்டம்.

◆ பாசி தின்னும் என்று வாங்கும் சக்கர், வளர்ந்தபின் ராத்திரியில் கோல்டு ஃபிஷ்ஷின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேல்கோழையைச் சுரண்டும். விரலளவு வாங்கியது ஓரடியைத் தாண்டும். வீட்டில் தகராறு முற்றியதும் வாளியில் எடுத்துப்போய்க் கொள்ளிடத்தில் விட்டுவரத் தோன்றும். வேண்டாம், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தமிழக ஏரிகளில் இப்போது மீனவர் வலையில் கெண்டைக்குப் பதில் சக்கர் வருகிறது. அதன் முள் செதிலில் சிக்கி வலையும் கிழிகிறது.