அப்பாவின் கையெழுத்து

ஊரைவிட்டுத் தில்லிக்கு வந்து குடியேறிய நம்மில் பலர் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் பழைய கடிதங்கள் இருக்கும். "இந்தக் குப்பையை எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்க ஓர் ஆளும் வீட்டில் இருப்பார். அந்தக் குப்பையைப் பற்றித்தான் இரண்டு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

நான் வேலை கிடைத்துத் தில்லி வந்தது 1971-ல். தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து மாதம் இரண்டு இன்லண்ட் கடிதம் வரும். உச்சியில் பிள்ளையார் சுழி. "இவ்விடம் அனைவரும் க்ஷேமம்" என்று அப்பா தொடங்குவார். ஆற்றில் தண்ணீர் வந்தது, பசு கன்று போட்டது, யார் வீட்டில் கல்யாணம் என்று ஊரே அதற்குள் வந்துவிடும். பக்கவாட்டு மடிப்பு மட்டும் அம்மாவுக்கு. மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாள். நாலு வரிதான். அதில் இரண்டு வரி 'வேளாவேளைக்குச் சாப்பிடு' என்பதாகவே இருக்கும்.

பிறகு எஸ்.டி.டி. வந்தது, கைபேசி வந்தது. குரலைக் கேட்டோம், மகிழ்ந்தோம். ஆனால் பேசியது காற்றோடு போயிற்று. கடிதம் நின்றது. 1971-ல் அப்பாவின் எழுத்து நிமிர்ந்து நிற்கும். 1986-ல் வரிகள் சரியத் தொடங்கின. கடைசிக் கடிதத்தில் விலாசம் தம்பியின் கையெழுத்து. உடம்பு முடியவில்லை என்று அப்பா ஒரு வரிகூட எழுதவில்லை. கையெழுத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

இப்போது என் கவலை வேறு. பேத்தி தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும்தான். எனக்குப் பிறகு இந்தப் பெட்டியைத் திறப்பவர்களுக்கு அது வெறும் நீலக் காகிதம். ஆகவே ஞாயிறுதோறும் ஒரு கடிதம் என்று அவளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுத் தருகிறேன். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு வழங்கிய, தும்பிக்கை போன்ற கொம்பு வைத்த 'லை', 'னை' வரும்போது திகைக்கிறாள். "கொள்ளுத் தாத்தா யானை வரைந்திருக்கிறார்" என்று சிரிக்கிறாள். சிரித்தபடியே படித்தும் விடுகிறாள்.

அன்பர்களுக்குச் சில யோசனைகள். கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், நாளடைவில் அது காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். ரப்பர் பேண்டுக்குப் பதில் பருத்தித் துணியில் சுற்றி ஈரம்படாமல் வையுங்கள். இருபுறமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பலர் 'ஆவணி 12' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஆண்டை அஞ்சல் முத்திரைதான் சொல்லும். எனவே விலாசப் பக்கத்தை வெட்டிவிடாதீர்கள். முத்திரை அழிந்திருந்தாலும், பின்கோடு எண் இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தைய கடிதம் என்று அறியலாம். கடிதத்தில் வரும் 'பெரியவன்', 'மேலத்தெரு அத்தை' யார் யார் என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். அது தெரிந்தவர்கள் இன்று நாம்தான்.

இன்னொன்று. பெயரன் பேத்திகளின் பிறந்த நாளுக்கு உங்கள் கைப்படத் தமிழில் ஒரு கடிதம் எழுதித் தபாலில் போடுங்கள். ஒரே வீட்டில் இருந்தாலும் போடுங்கள். அவர்கள் பெயருக்கென்று ஒரு கடிதம் வரட்டும்.